எச்சில் தொட்டு இறுக்கிய முடிச்சு

அந்த நடுக்கத்தை எந்திரம் கொடுத்தது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். முப்பது ஆண்டுகள் கடைசல் எந்திரத்தின் முன்னால் நின்ற என் கணவரின் வலது கை, எந்திரம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் விளக்கம். எந்த வேலையும் ஆளின் உடம்பில் ஒரு தடயத்தை விட்டுத்தான் வைக்கும். எனக்கே, பள்ளி நூலகத்தில் கழிந்த வருடங்கள் தும்மலைத் தந்திருந்தன. அவருடைய பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓய்வு பெற்றால் கையும் ஓய்ந்துவிடும் என்று அவரே சொன்னார். மகள் தொலைபேசியில் அதையே சொன்னாள். நானும் கேட்பவர்களிடம் அதையே சொல்லிவந்தேன்.

நம்புவதற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. கையில் எதையாவது பிடித்திருக்கும்போது நடுக்கம் அடங்கிவிடும். காப்பி டம்ளரையோ சைக்கிள் கைப்பிடியையோ தூண்டில் கோலையோ பற்றியிருக்கும்போது அது எல்லோருடைய கையையும் போன்ற கைதான். மடியில் சும்மா கிடக்கும்போது மட்டும் பெருவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து, இல்லாத ஒன்றை மெல்ல உருட்டிக்கொண்டிருக்கும்.

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அவனும் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தூண்டில் போடப் போவார்கள். தம்பி ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். நாங்கள் இருவரும் குமணன்சாவடியில் பிறந்து வளர்ந்தவர்கள். ஏரியின் மதகுகளையும் மேடுகளையும் நடக்கப் பழகிய நாளிலிருந்து அறிந்தவர்கள். என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஆவடிக்கு வந்தவர். ஆற்றில் மீன் பிடித்துப் பழகியவர். ஏரித் தண்ணீர் சோம்பேறித் தண்ணீர் என்பார். தம்பிக்கு அது பொறுக்காது.

ஏரியில் மீனுக்கு இரை மைதா உருண்டை. மாவைப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் உருட்டி முள்ளில் குத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். கரையில் உட்கார்ந்திருந்த என் கணவரின் கையையே தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, மாவு தீந்து எம்மா நேரம் ஆச்சு. இன்னும் உருட்டிகினே கீற?"

அவர் சிரித்தார். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "மீன் ஏமாறுதான்னு பாக்கேன் மச்சான். நீ ஏமாந்துட்ட" என்றார்.

தம்பியும் சிரித்தான். திரும்பி வரும் வழி முழுவதும் அவன் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரம் பிடித்தது. வருகைப் பதிவேட்டில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கையெழுத்து, வரியின் முடிவை நெருங்க நெருங்கச் சிறுத்து எறும்பு போலானது. ஒரு நாள் மாலை தன் தூண்டில் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதில் ஆறு கரண்டித் துண்டுகள் இருந்தன. எவர்சில்வர் கரண்டியின் குழிந்த முனையை அறுத்து, இரு ஓரத்திலும் துளையிட்டு, ஒரு துளையில் முள்ளை மாட்டியிருந்தார். தண்ணீரில் இழுத்தால் சிறுமீன் போலப் புரண்டு மின்னும். பல வருடங்களுக்கு முன்பு அவர் அறுத்தவை. பாயசம் வைத்த நாட்களில் கரண்டி குறைகிறதே என்று நான் வீடெல்லாம் தேடியதற்கு அன்றுதான் விடை கிடைத்தது.

"இந்தா பிள்ள, இதுல தங்கூசியைக் கோத்துக் கட்டிக் கொடு. கண்ணாடி மாத்தணும் போலிருக்கு, துளையே தெரிய மாட்டேங்கு" என்றார்.

கண்ணாடி மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நான் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

முடிச்சை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தங்கூசி என்பது கண்ணாடி போன்ற நைலான் நூல். சாதாரண முடிச்சுக்கு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். துளையில் நுழைத்த நுனியைத் தன் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, துளைக்குப் பக்கத்தில் விழும் சிறு கண்ணிக்குள் திரும்பவும் நுழைக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து எச்சில் தொட வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நூல் பலமிழந்துவிடும் என்றார். நான் கட்டியதை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, ஆறையும் கட்டி முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கினேன். நூலகத்தில் இருப்பவளுக்குப் படிக்கக் கிடைப்பவை நல்லவையாக மட்டும் இருப்பதில்லை. சும்மா இருக்கும்போது நடுங்கி, பிடிக்கும்போது அடங்கும் கையைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தில் அரைப் பக்கம் படித்திருந்தேன்.

மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து, நிதானமாக ஒரு பேரம் பேசினார்.

இளம் வயதில் வேலை நிமித்தம் குன்னூர்ப் பக்கம் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, மலை ஓடை ஒன்றில் ஒருவர் டிரவுட் மீன் பிடிப்பதை அவர் பார்த்திருக்கிறார். விலாவில் ரோஜா நிறக் கோடும் உடம்பெல்லாம் மிளகு தூவியது போன்ற புள்ளிகளுமாகத் தண்ணீரை விட்டு அந்த மீன் எழும்பியதை எங்கள் திருமணமான முதல் வருடத்திலேயே எனக்குச் சொல்லியிருக்கிறார். கரண்டிகளை அறுத்ததும் அதற்காகத்தான். போக வேண்டும் என்று ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். ஒவ்வொரு கோடையிலும் வேறு ஏதாவது வந்துவிடும்.

"மலைக்குப் போவோம்" என்றார். "என் கையால ஒரு டிரவுட் பிடிச்சேன்னா, இந்த டாக்டர் பேச்சை நீ எடுக்கப்பிடாது. பிடிக்கலைன்னா, நீ சொல்லுத எடத்துக்கு வாயைத் தொறக்காம வாரேன்."

தம்பி அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "நான் அம்பயரு" என்றான். "ஆனா மாமா, ஒரு தபா சொல்ட்டா சொன்னதுதான். அப்பால பேச்சு மாறக் கூடாது."

"நெல்லைக்காரன் பேச்சு மாறுவானாலே?"

"அதான் பயமா கீது."

நான் சம்மதித்தேன். அவருக்கு மீன் கிடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சம்மதித்தேன். முப்பது வருடமாக அவர் ஆசைப்பட்ட ஒன்று அவருக்குக் கிட்டக் கூடாது என்று வேண்டிக்கொள்வது எனக்கு வினோதமாக இருந்தது. ஆனாலும் பெட்டியில் துணிகளை அடுக்கும்போது, ஆறு முடிச்சுகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஒன்று தளர்வாகத் தெரிந்ததால் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

மே மாதத்தில், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய வாரம் புறப்பட்டோம். தம்பி சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் வந்த பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றை மூடியோடு தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்தான். அது ஏரிக்காரர்களின் வழக்கம். செம்பரம்பாக்கத்தில் பிடித்த விராலை நாங்கள் கொன்று எடுத்துவருவதில்லை. வாளியில் நாலு விரல் தண்ணீர் விட்டு, ஈரச் சாக்கால் மூடிவிட்டால், விரால் காற்றைக் குடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உயிரோடு கிடக்கும். செத்த மீனைக் கொண்டுவருபவனைக் குமணன்சாவடியில் மீன் பிடித்தவன் என்று யாரும் மதிப்பதில்லை. வாங்கி வந்தான் என்பார்கள்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பேருந்தில் ஊட்டி ஏறி, அங்கே மீன் பிடிப்பதற்கான அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஜீப்பில் மேலும் ஒன்றரை மணி நேரம் போனோம். சீட்டைச் சரிபார்த்து எங்களோடு வந்தவர் அந்த ஊர்க்காரரான காவலாளி ஒருவர். கம்பளித் தொப்பியும் ரப்பர் காலணியும் அணிந்த மெல்லிய மனிதர். வாளியைப் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் மதியம் அங்கிருந்த ஏரி ஒன்றில் தூண்டில் போட்டார்கள். சோலைக் காடுகளுக்கு நடுவில், வானத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்த ஏரி அது. கரையில் ஒரு கட்டடம் இல்லை, ஒரு லாரிச் சத்தம் இல்லை. தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலித்தது. தம்பி பழக்க தோஷத்தில் பெரிய ஈயக்குண்டைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றி வீசினான். அது விழுந்த சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

"ஏங்க, மீன் பிடிக்கறீங்களா, கல்லு வுடறீங்களா?" என்றார் காவலாளி.

"ஊட்டு ஏரில இப்டித்தான் அண்ணாத்தே போடுவோம்."

"அது காது கேக்காத மீனுங்க. இது நம்ம நெழலு வுழுந்தாலே போயிருமுங்க."

மைதா உருண்டையை எந்த மீனும் சீண்டவில்லை. கரண்டித் துண்டையும் ஏரியில் ஒன்றும் சீண்டவில்லை. மாலையில் பனி இறங்கியதும் சுருட்டிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினோம். என் கணவர் சோர்வாகத் தெரிந்தார். நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியோடு அவருக்குச் சால்வை போர்த்திவிட்டது இன்றும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் காலை காவலாளி எங்களை ஏரிக்கு வந்து சேரும் ஓடைக்கு அழைத்துப்போனார். பாறைகளுக்கிடையில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஓடும் தண்ணீர். கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மேல்நோக்கி நடக்க வேண்டும், பாறைக்குப் பின்னால் நிற்க வேண்டும், நிழல் தண்ணீரில் விழக் கூடாது, பேசக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னதைத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

என் கணவர் ஆற்றில் வளர்ந்தவர் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. குனிந்து நடந்தார். கோலைப் பிடித்திருந்த கை துளியும் அசையவில்லை. கரண்டித் துண்டு பாறையின் நிழலில் சத்தமில்லாமல் விழுந்து, புரண்டு புரண்டு வந்தது. மூன்றாவது வீச்சில் ஒரு நிழல் அதன் பின்னால் வந்து திரும்பிப் போனது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை அப்படிப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது.

அடுத்த வீச்சில் முள் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. இப்படியும் அப்படியும் இழுத்தார். தங்கூசி அறுந்தது.

டப்பாவில் மிச்சம் ஐந்து துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் கட்டிய குட்டை நூல் இருந்தது. ஆனால் அதைக் கோலிலிருந்து வரும் நூலின் நுனியில் இருக்கும் சிறு கொக்கியில் மாட்டித்தான் போடுவோம். அறுந்துபோனதில் அந்தக் கொக்கியும் போய்விட்டது. இப்போது குட்டை நூலை அறுத்துவிட்டு, கோலின் நூலையே கரண்டித் துளையில் நேராகக் கட்ட வேண்டும்.

அவர் பாறை மேல் உட்கார்ந்து கட்டத் தொடங்கினார். குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. நுனி துளையைத் தொடும், விலகும். தொடும், விலகும். ஒருமுறை நுழைந்துவிட்டது, சுற்றத் தொடங்கியபோது இரண்டாவது சுற்றிலேயே, இறுகப் பற்ற எதுவும் இல்லாத பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தம் பழைய வேலையைத் தொடங்கிவிட்டன. நூல் அவிழ்ந்தது. மீண்டும் ஆரம்பித்தார். தம்பி எதிர்மலையில் ஏதோ இருப்பது போல அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். காவலாளி கொஞ்ச தூரம் நடந்துபோய் ஒரு செடியின் அருகில் குந்தினார்.

கால் மணி நேரம் இருக்கும். நான் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டவில்லை. நீட்டினால் அது அவரிடமிருந்து நான் பறித்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. கட்டாமலே விட்டால் மீன் இல்லை, செவ்வாய்க்கிழமை மருத்துவர். நான் விரும்பியது தானாக நடந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் முடியவில்லை.

அவர் நூலையும் கரண்டித் துண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ கட்டு" என்றார்.

கண்ணாடியைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

ஐந்து சுற்று சுற்றிக் கண்ணிக்குள் நுழைத்தேன். குளிரில் வாய் காய்ந்திருந்தது. எச்சில் ஊறும் வரை காத்திருந்து, நூலை உதட்டில் வைத்து நனைத்து இறுக்கினேன். இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

இருபது அடி மேலே, மரவேர்கள் தண்ணீருக்குள் இறங்கிய ஒரு மடுவில் அந்த மீன் எடுத்தது. கோல் வளைந்ததும், அது வரை எதற்காக வேண்டிக்கொண்டிருந்தேனோ அது எனக்கு மறந்தே போயிற்று. "விடாதீங்க, விடாதீங்க!" என்று கத்தினேன். பேசக் கூடாது என்ற காவலாளியின் சட்டத்தை முதலில் மீறியவள் நான்தான். தம்பி முழங்கால் தண்ணீரில் இறங்கி, "மாமா, லூசு குடு, லூசு குடு, அப்டித்தான், இப்ப சுத்து!" என்று ஆடிக்கொண்டிருந்தான். அவர் ஒருவர்தான் பேசவில்லை. நிதானமாகச் சுற்றி மீனைக் கரைக்குக் கொண்டுவந்தார். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ரோஜாக் கோடு, மிளகுப் புள்ளிகள், எல்லாம் அவர் சொன்னபடியே.

அதன் வாயிலிருந்து முள்ளைத் தம்பி எடுத்தான். பிறகு, வாளியில் ஓடைத் தண்ணீரை நாலு விரல் விட்டு, மீனை உள்ளே போட்டு, ஈரச் சாக்கால் மூடினான். எங்கள் மூவருக்கும் அது மிக இயல்பாக இருந்தது. இந்த மீனைப் பற்றியும் நான் புத்தகத்தில் படித்திருந்தேன்: குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் இல்லாமல் அதனால் மூச்சுவிட முடியாது. குமணன்சாவடிக்காரியின் கை வாளியைப் பிடித்தபோது படித்தவளின் நினைவு உதவிக்கு வரவில்லை. காவலாளி முன்னால் நடந்துபோய்விட்டிருந்தார்.

ஜீப் நின்ற இடத்துக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று. வாளியைத் திறந்தோம். மீன் பக்கவாட்டில் கிடந்தது. அதன் நிறம் வடிந்துபோய் எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

"நல்லாத்தானே கீந்துச்சு" என்றான் தம்பி. "விராலு சாயங்காலம் வரைக்கும் கெடக்குமே."

காவலாளி எட்டிப் பார்த்தார். "வாளி எதுக்குன்னு நான் கேட்டிருக்கோணுமுங்க" என்றார். "துணிக்குன்னு நெனச்சுட்டேன்."

என் கணவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வலது கை முழங்காலின் மேல் கிடந்தது. விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன. அதை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை.

"அம்பயரே" என்று கூப்பிட்டார்.

"சொல்லு மாமா."

"யாரு ஜெயிச்சா?"

தம்பி என்னைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். "நீதான் மாமா. கண்ணால பாத்தேன்ல" என்றான். பொய் சொல்ல நினைத்து முடியாமல் போனவன் போல இருந்தது அவன் முகம்.

"என் கையால பிடிக்கணும்னுதானே பேச்சு? முடிச்சு உங்க அக்கா கையி. முள்ளு எடுத்தது உன் கையி." வாளியைச் சாக்கால் மூடினார். "நான் கோலைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு, பிள்ள?"

"பத்தரைக்கு" என்றேன்.

"சரி" என்றார்.

அன்று மதியம் காவலாளி தன் கொட்டகை அடுப்பில் அந்த மீனை உப்பும் மிளகும் தடவிப் பொரித்துக் கொடுத்தார். நால்வரும் சாப்பிட்டோம். சதை இளஞ்சிவப்பாக இருந்தது. ருசி நன்றாகத்தான் இருந்தது. விராலைவிட ஒரு படி கீழே என்று தம்பி தீர்ப்புச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எறும்பாகிக்கொண்டே போன அந்த வரியைப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்ற பெயரைச் சொன்னார். எந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். வெளியே வந்ததும் என் கணவர், "பாவம், அந்த மிஷின் மேல சும்மா பழி போட்டோம்" என்றார்.

மாத்திரைகள் சில நல்ல வருடங்களைக் கொடுத்தன. ஓய்வு பெற்று, ஆவடியில் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்து, குமணன்சாவடிக்கு அருகில் வீடு மாறினோம். அங்கிருந்து ஏரி பக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வந்து அழைத்துப் போவான். முடிச்சுகள் என்னுடையவை. கோலைப் பிடிக்க முடியாமல் போன பிறகும் அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியின் வீச்சுகளைக் குறை சொல்வதை மட்டும் கடைசி வரை விடவில்லை. போன ஐப்பசி மழையில், ஏரி நிரம்பி மதகு திறந்த வாரத்தில், அவர் போய்ச் சேர்ந்தார்.

தம்பி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வருகிறான். சாப்பாட்டு மேசையில் தூண்டில் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளுகிறான். அவனுடைய விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. பேருந்து எஞ்சினையே கழற்றி மாட்டுபவன். ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கிக் கொடுக்கிறேன். அவன் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறான்.

அன்று வாளியோடு மலைக்குப் போனவர்களில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.